உப்பு நீர்க் குளம்: சுத்தம் செய்த பிறகு பிஎச் புரோப் ஒரு எண்ணில் நிற்கவில்லை

கேள்வி (நீலப்படி)

வீட்டு நீச்சல் குளத்தில் உப்பு நீர் குளோரினேட்டர் (உப்பிலிருந்து குளோரின் உண்டாக்கும் கருவி) இரண்டு வருடமாக ஓடுகிறது. பிஎச் (அமில-காரத் தன்மை), ஓஆர்பி (குளோரின் கிருமியைக் கொல்லும் வீரியத்தைக் காட்டும் அளவு) இரண்டுக்கும் புரோப், அதாவது தண்ணீரில் வைத்து அளக்கும் உணரி, இருக்கிறது, பிஎச் ஏறினால் அமிலத்தை பம்ப் தானே விட்டுக்கொள்ளும். ஒரு மாதமாகத் திரையில் பிஎச் 7.9-லேயே நிற்கிறது, அமில கேன் மளமளவென்று காலியாகிறது, ஆனால் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட்டில் 6.8 தான் வருகிறது. புரோபைக் கழற்றிப் பார்த்தால் நுனியில் வெள்ளையாகப் படிவு. பழைய டூத்பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, இரவு முழுக்கக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப் போட்டேன். இப்போது எண் 7.3, 8.1 என்று அலைகிறது. என்ன தவறு செய்தேன்?

பதில் 1 (உப்புக்கல்)

முதல் வேலை, அமில பம்ப்பை நிறுத்துங்கள். புரோப் பொய் சொல்கிறது, பம்ப் அதை நம்பி அமிலத்தை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. பிஎச் 7.2-க்கு மேல் ஏறும்வரை யாரும் இறங்க வேண்டாம்.

காய்ச்சி வடித்த தண்ணீர் பிஎச் புரோபுக்கு ஆகவே ஆகாது, உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடை அது வெளியே இழுத்துவிடும். ஊற வைக்க 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல்தான் சரி. நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழில் பிரஷ் படவே கூடாது, மெல்லிய கீறல் விழுந்தாலும் அளவு கெடும். சுண்ணாம்புப் படிவு என்றால் 10 பங்கு தண்ணீரில் 1 பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் (தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்), அதில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் குமிழ் குமிழாக நுரைத்துக் கரையும். கழுவி, ஈரத்தைத் துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அப்புறம் பொட்டாசியம் குளோரைடில் ஒரு இரவு வைத்து, புது பஃபர் கரைசலில் (பிஎச் எவ்வளவு என்று முன்பே தெரிந்த கரைசல்) 7-ல் ஒருமுறை, 4-ல் ஒருமுறை பாருங்கள். மில்லிவோல்ட் காட்டும் கன்ட்ரோலர் என்றால் 25 டிகிரியில் 7-க்கு 0 பக்கமும், 4-க்கு 177 பக்கமும் வர வேண்டும். வெகு தூரம் விலகியிருந்தால் காலிபரேட் செய்து (காட்டும் எண்ணைத் திருத்தி) ஒட்டுப் போடாதீர்கள், புரோபின் ஆயுள் முடிந்தது.

பதில் 2 (மின்கம்பி)

அலைவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். குளத்துத் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் வாளியில் எடுத்து புரோபை அதில் விடுங்கள். வாளியில் எண் நின்று, குழாயில் மாட்டினால் மட்டும் அலைகிறது என்றால் தண்ணீரில் மின்சாரம் கசிகிறது. அப்படியானால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எர்த்திங்கை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும், அது புரோப் பிரச்சினையே அல்ல, குளிப்பவர்களுக்கே ஆபத்து. புரோப் மாட்டியிருக்கும் இடத்தையும் பாருங்கள், தண்ணீர் அதைத் தாண்டிய பிறகுதான் குளோரினேட்டரின் செல்லுக்கும் (குளோரின் உண்டாகும் பகுதி) அமிலம் விழும் இடத்துக்கும் போக வேண்டும்.

பதில் 3 (பிளாட்டினம்)

ஓஆர்பி புரோபை மறந்துவிடாதீர்கள். அதன் நுனி பெரும்பாலும் பிளாட்டினம், அதை மட்டும் மென்மையான பிரஷ்ஷில் லேசாகத் தேய்க்கலாம். கழுவி மாட்டியதும் எண் உடனே சரியாக வராது, சில மணி நேரம் பொறுங்கள், அந்த அவசரத்தில் குளோரின் அளவை மாற்றிவிடாதீர்கள். சயனூரிக் அமிலம் (வெயிலில் குளோரின் வீணாகாமல் காக்கப் போடுவது) அதிகமாகப் போட்ட குளத்தில், குளோரின் போதுமான அளவு இருந்தாலும் ஓஆர்பி தாழ்வாகத்தான் காட்டும், அதற்கு புரோபைக் குறை சொல்லிப் பயனில்லை.

நீலப்படி

எல்லாருக்கும் நன்றி. வாளியிலும் அதே அலைச்சல்தான், எனவே மின்கசிவு இல்லை என்று நினைக்கிறேன். அமிலத்தில் முக்கி, ஒரு இரவு ஊற வைத்தும் பார்த்தேன்: 7 பஃபரில் 7.0, ஆனால் 4 பஃபரில் 5.1-க்குக் கீழே இறங்கவே இல்லை. குமிழை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் முடி மாதிரி ஒரு கீறல் தெரிகிறது. புது புரோப் வாங்குகிறேன், அதுவரை பம்ப் அணைந்தே இருக்கும், காலையும் மாலையும் கிட்டில் பார்த்துக்கொள்கிறேன்.