பரிந்துரைப் பட்டியலில் ஏன் அவர்கள் பெயர் இல்லை?

கேள்வி:
எங்கள் பிரிவில் ஒடுக்கப்பட்ட இனப் பின்னணியைச் சேர்ந்த பெண்கள் ஐவர் பணிபுரிகிறார்கள். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றாலும், குழுத் தலைவர் பதவிக்கு அவர்களில் ஒருவர்கூட இதுவரை பரிந்துரைக்கப்படவில்லை. வழிகாட்டித் திட்டம் ஒன்று தொடங்கினால் போதுமா?

மறுமொழி 1:
போதாது. அறிவுரை கூற ஆள் இருப்பது வேறு. பதவி உயர்வு முடிவாகும் அறையில், பெயரைச் சொல்லிப் பரிந்து பேச ஆள் இருப்பது வேறு. அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தில் 1980-இல் பயிற்சிப் பணியாளராகச் (intern) சேர்ந்த கறுப்பினப் பெண் உர்சுலா பர்ன்ஸ், இடையில் உயர் அதிகாரிகளின் நிர்வாக உதவியாளராக இருந்து முடிவுகள் உருவாகும் விதத்தை அருகிலிருந்து கண்டவர்; 2009-இல் அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலரானார்.

மறுமொழி 2:
கடைசிப் பத்துக் கூட்டங்களின் குறிப்புகளை எழுதியவர் யார் என்று பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் எல்லாவற்றிலும் ஒரே பெண்ணின் கையெழுத்துதான் இருந்தது (அவர் எழுத்தராக நியமிக்கப்பட்டவர் அல்லர்!). பதவி உயர்வுக்கு வழிவகுக்கும், வரவு செலவுப் பொறுப்புள்ள பணிகளோ வேறு மேசைகளுக்கே சென்றன.

மறுமொழி 3:
யார் பரிந்துரைக்கப்படுகிறார்கள் என்று கணக்கெடுக்கும்போது பெண்களைத் தனியாகவும் இனத்தைத் தனியாகவும் எண்ணாதீர்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்பவர்கள் இரு பட்டியல்களிலும் மறைந்துபோவார்கள். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் சுட்டிக்காட்டியது இதைத்தான்.

கேட்டவர்:
நன்றி. கூட்டக் குறிப்புகளைப் புரட்டினேன். பத்தில் எட்டை அந்த ஐவரே எழுதியிருக்கிறார்கள்.