வின்ட்ஸர் நாற்காலி சீட்டுக்கு 2 இன்ச் கனத்துல காய்ஞ்ச பைன் பலகை எங்க கிடைக்கும்? கடைப் பலகை வெடிக்குது

நாஷுவா_உளி:
எல்லாருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல நாஷுவா பக்கம் இருக்கேன், சனி ஞாயிறு தச்சு வேலைதான் பொழுதுபோக்கு, இப்ப 18ஆம் நூற்றாண்டு மாடல்ல ஒரு சாக்-பேக் வின்ட்ஸர் நாற்காலி (கனமான சீட் பலகையிலேயே துளை போட்டு காலையும் முதுகுக் குச்சிகளையும் சொருகற மாடல்) பண்ணிட்டிருக்கேன். காலுக்கு மேப்பிள், முதுகுக் குச்சிகளுக்கு ஓக் ரெடி, சீட்டுதான் இழுக்குது. வெள்ளைப் பைன்ல முழுசா 2 இன்ச் கனம், 16 இன்ச் அகலம், 21 இன்ச் நீளம் வேணும், முடிஞ்சா ஒட்டு இல்லாம ஒரே பலகை. அது கிடைக்காம ஒரு பெரிய ஹார்ட்வேர் கடையில வீடு கட்டற 2×12 வாங்கி ரெண்டை ஒட்டி சீட் குடைஞ்சேன், வீட்டுல ஹீட்டர் ஓட ஆரம்பிச்சதும் ரெண்டு நுனியிலயும் வெடிப்பு, சமதளத்துல வச்சா ஆடுது. பலகையில கேடி-ஹெச்டினு முத்திரை இருக்கு, அப்ப காய்ஞ்ச மரம்தானே? மரக்கடைங்கள்ல கேட்டா 1 இன்ச்தான் காய்ஞ்சது இருக்கு, கனமா வேணும்னா ஈரமா அறுத்துத் தர்றோம்ங்கறாங்க. 1 இன்ச் பலகையவே ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிடலாமா?

டிப்போக்காரர்_சென்னை:
தம்பி, முத்திரைய நம்பி ஏமாறாதீங்க. கேடின்னா சூளையில (மரம் காய வைக்கற சூடான அறை) வச்சு 19 சதவீத ஈரத்துக்குக் கீழ இறக்கியாச்சு, அவ்வளவுதான், அது வீட்டுக் கூரைக்கும் சுவருக்கும் போற மரத்துக்கு உள்ள கணக்கு. ஹெச்டின்னா சூடு காட்டினதுன்னு மட்டும்தான் அர்த்தம், மரம் காயறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மரத்தோட நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் சூட்டுல 30 நிமிஷம் இருந்தா போதும், பூச்சி செத்துடும், அந்த முத்திரை அடிச்சுடலாம். இங்க துறைமுகத்துல வந்து இறங்கற பேலட்லயும் அதே ஹெச்டிதான் இருக்கும், ஈரம் சொட்டச் சொட்ட இருந்தாலும் இருக்கும். உங்க ஊர் குளிர்காலத்துல ஹீட்டர் ஓடற வீட்டுக்குள்ள மரம் 6லிருந்து 8 சதவீதத்துக்கு வந்து நிக்கும். 19லேர்ந்து 8க்கு வந்தா 11¼ இன்ச் அகலப் பலகை கிட்டத்தட்ட கால் இன்ச் சுருங்கும். வெடிக்காம என்ன பண்ணும்?

மெயின்_பைன்:
மேல அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. இன்னொண்ணு, 2×12ங்கறது பேருதான் 2, கையில வர்றது 1½, அதையும் இழைச்சு நேராக்கினா இன்னும் குறையும், அதுல சாக்-பேக் சீட்டுக்கு வேண்டிய குழி எடுத்தா அடியில கால் துளைக்குப் பிடிமானமே இருக்காது.

கனமா காய்ஞ்ச பைன் ஏன் கிடைக்கலன்னா வாங்க ஆள் இல்ல, அதான் விஷயம். இங்க அறுக்கற வெள்ளைப் பைன்ல முக்காவாசி 1 இன்ச்சா சுவர்ப் பலகைக்கும் அலமாரிக்கும் போயிடுது, 2 இன்ச்ச சூளையில வச்சா இடத்த அடைச்சுக்கிட்டு ரொம்ப நாள் உக்காந்திருக்கும், யாரு வைப்பா. அதனால காய்ஞ்சதத் தேடி அலையாதீங்க, ஈரமா வாங்கி நீங்களே காய வைங்க. உங்க பக்கம் கிராமத்துல பேண்ட்சா மில் (பட்டை ரம்பத்துல மரம் அறுக்கற மில்) வச்சிருக்கற சின்ன ஆளுங்க நிறைய பேர் இருப்பாங்க, நேர்ல போயி 2¼ இன்ச் கனத்துல அறுத்துத் தரச் சொல்லுங்க (காயும்போதும் இழைக்கும்போதும் போறதுக்கு அந்த கால் இன்ச்), குளிர்காலத்துல வெட்டின மரமான்னு கேட்டுக்கோங்க, வெயில் காலத்துல வெட்டிப் போட்டதுன்னா வெள்ளைப் பகுதியில நீலம் (பூஞ்சைக் கறை) பாஞ்சிருக்கும். பாஞ்சாலும் பரவாயில்ல, பலம் குறையாது, வின்ட்ஸர் எப்படியும் பெயின்ட் அடிக்கற நாற்காலிதானே.

வீட்டுக்குக் கொண்டு வந்த அன்னைக்கே ரெண்டு நுனியிலயும் மெழுகோ பழைய பெயின்ட்டோ கெட்டியா பூசிடுங்க, தள்ளிப் போடாதீங்க. அடியில சமமா கட்டை போட்டு, பலகைக்கும் பலகைக்கும் நடுவுல 1 இன்ச் ரீப்பர் 16 இன்ச்சுக்கு ஒண்ணா, மேல ரீப்பர் கீழ ரீப்பருக்கு நேரா வர்ற மாதிரி வச்சு, மேல வெயிட் ஏத்தி, மழை படாம காத்து போற ஷெட்ல போடுங்க. இன்ச்சுக்கு ஒரு வருஷம்னு பெரியவங்க கணக்கு சொல்வாங்க, பைன் அத விட வேகமா காயும். ஆனா வெளியில எத்தன வருஷம் வச்சாலும் ஈரம் 12, 14 சதவீதத்துக்குக் கீழ இறங்காது, கடைசிக் கட்டத்துக்கு வீட்டுக்குள்ள கொண்டு வந்தே ஆகணும்.

சும்மா_ஒருத்தன்:
இவ்வளவு கஷ்டம் எதுக்கு ப்ரோ, சீட்டும் ஓக்லயே போட்டுடுங்க 😀

லேன்காஸ்டர்_அக்கா:
ஓக்ல சீட் குடைஞ்சு பாத்தவங்க இப்படி சொல்ல மாட்டாங்க 🙂 குழி எடுக்க மெத்துனு இருக்கணும், எடை கம்மியா இருக்கணும், அதனாலதான் அந்தக் காலத்துலேர்ந்து பைன். நாஷுவா தம்பி, பைன்தான் வேணும்னு இல்லன்னா டூலிப் பாப்லர் பாருங்க. ஃபிலடெல்ஃபியா பக்கம் செஞ்ச பழைய வின்ட்ஸர்ல சீட் அதுதான், நியூ இங்கிலாந்துலதான் (உங்க வடகிழக்கு மாநிலங்கள்) பைன். பாப்லர் 2 இன்ச்ல சூளையில காய்ஞ்சதே கடின மரக் கடையில சுலபமா கிடைக்கும், பைன விட கொஞ்சம் உழைப்பு கூட, அவ்வளவுதான். உங்களுக்கு நியூ இங்கிலாந்து மாடல்தான்னு பிடிவாதம்னா வின்ட்ஸர் கத்துக்குடுக்கற ஆளுங்கள கேளுங்க, அவங்க மாணவர்களுக்காக காய்ஞ்ச பைன் சீட் துண்டுகள வாங்கி வச்சிருப்பாங்க, ஒண்ணு ரெண்டு விலைக்குத் தருவாங்க. விலை கூடதான், ஒரு நாற்காலிக்குன்னா அதுதான் புத்திசாலித்தனம்.

ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டறது மட்டும் வேண்டாம். குழி எடுக்கும்போது பசைக் கோடு மேப்புல மலைக்கு வளையம் போட்ட மாதிரி சுத்திச் சுத்தித் தெரியும், பெயின்ட் அடிச்சாலும் ரெண்டு சீசன் போனா அந்தக் கோடு மேல எழும்பி வரும். பக்கத்துல பக்கத்துல ஒட்டறது தப்பில்ல, மரம் காய்ஞ்சிருந்தா.

மெயின்_பைன்:
அக்கா சொன்ன ஐடியா பெஸ்ட். சம்பந்தமில்லாத ஒரு விஷயம், இந்த அகலப் பைன் பஞ்சாயத்து உங்க பக்கத்துக்குப் புதுசில்ல. 1691 மாசசூசெட்ஸ் சாசனத்துலயே 24 இன்ச் விட்டத்துக்கு மேல இருக்கற வெள்ளைப் பைன் எல்லாம் இங்கிலாந்து ராஜாவோட கப்பல் பாய்மரத்துக்குன்னு ஒதுக்கிட்டாங்க, பின்னாடி நியூ ஹாம்ப்ஷயர்லயும் அதே கெடுபிடி. 1772ல நாஷுவாவுக்குப் பக்கத்துல வியர்ங்கற ஊர்ல மில்காரங்க, அபராதம் கட்டாத ஆள கைது பண்ண வந்த ஷெரிஃப விடியக் காலையில சத்திரத்துலயே வச்சு குச்சியால விளாசி அனுப்பியிருக்காங்க. நீங்க காசு குடுத்து வாங்கலாம், சந்தோஷப்படுங்க.

நாஷுவா_உளி:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. பக்கத்து ஊர் மில்லுல ஒரு பெரியவர் போன குளிர்காலத்துக்கு முந்தி அறுத்து ஷெட்ல போட்ட 2¼ இன்ச் பலகை காட்டினார், 18 இன்ச் அகலம், நல்லா இருக்கு. ரெண்டு ஊசி குத்தி ஈரம் பாக்கற மீட்டர் 11 சதவீதம்ங்குது. அவரு "இது காய்ஞ்சாச்சு, எடுத்துட்டுப் போ"ங்கறாரு. எடுத்து உடனே குடையலாமா?

டிப்போக்காரர்_சென்னை:
ஊசி எவ்வளவு ஆழம் போகுதோ அவ்வளவுதான் மீட்டருக்குத் தெரியும். வெளித்தோல் 11 காட்டும், நடுவுல 16 இருக்கும். நுனியிலேர்ந்து ஒரு அடி தள்ளி குறுக்க ஒரு துண்டு அறுங்க, நுனிப்பக்கம் எடுக்காதீங்க, அது எப்பவும் சீக்கிரம் காய்ஞ்சுடும். உடனே எடை போட்டுட்டு ஓவன்ல 103 டிகிரி செல்சியஸ்ல வச்சு எடை இறங்கறது நிக்கற வரைக்கும் வைங்க. முதல் எடை 120 கிராம், கடைசி எடை 104னா, குறைஞ்ச 16அ 104ஆல வகுங்க, 15 சதவீத ஈரம். இந்தக் கணக்கு பொய் சொல்லாது.

லேன்காஸ்டர்_அக்கா:
அப்படி 15 வந்தாலும் பலகைய விடாதீங்க, 18 இன்ச் அகலம் ஒட்டில்லாம இனி கிடைக்கறது கஷ்டம். முழுப் பலகையா வீட்டுக்குள்ள வைக்காம சீட் அளவுக்கு ஒரு இன்ச் கூட விட்டு வெட்டி, வெட்டின நுனிகளுக்கு மெழுகு பூசி, படுக்கை ரூம்ல ரீப்பர் மேல வைங்க, ஹீட்டர் பக்கத்துல இல்ல. வாரா வாரம் எடை போட்டு அதுலயே பென்சில்ல எழுதுங்க, தொடர்ந்து ஒரே எடை வந்ததும் குடையலாம். வெட்டும்போது கணு கால் துளை வர்ற இடத்துல விழாம பாத்துக்கோங்க, ஆகர் (துளை போடற துரப்பணம்) அங்க நேரா இறங்காது. ஷெட்ல காய்ஞ்ச பைன்ல பிசின் இறுகியிருக்காது, 71 டிகிரி செல்சியஸ் சூளை பாத்தாதான் இறுகும், அதனால மிச்சம் கணு எதாவது தெரிஞ்சா பெயின்ட்டுக்கு முன்னாடி அது மேல ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) ரெண்டு கை அடிச்சுடுங்க.

நாஷுவா_உளி:
பலகைய சொல்லி வச்சாச்சு அக்கா, சனிக்கிழமை எடுக்கறேன். படுக்கை ரூம்ல வைக்கறதுக்கு மட்டும் வீட்டுல இன்னும் சம்மதம் வரல.