தேஜஸ் ஃபிளெக்ஸில் ‘முழுக்க முழுக்க இந்தியத் தயாரிப்பு’ன்னு போடலாமா?

திருநகர்:
மதுரையில் ஒரு கல்லூரிக் கண்காட்சிக்கு 4-க்கு 3 அடியில் தேஜஸ் போர் விமானத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்கணும். மாணவர்கள் கொடுத்த தலைப்பு மேலே இருக்கிறதுதான். எஞ்சின் அமெரிக்காவோடதுன்னு ஒருத்தர் தடுக்கிறார். அதைச் சொன்னா நாட்டுக்கே இழுக்குன்னு இன்னொருத்தர். பட்டிமன்றமே ஓடுது. என்னதான் எழுதுறது? பக்கத்துல மாருத், நாட்ங்கிற பழைய போர் விமானங்களோட படங்களும் வருது.

கூடல்நகர்:
‘முழுக்க முழுக்க’வை எடுத்துடுங்க தம்பி. தேஜஸோட முதல் வகையான மார்க் 1-ல இருக்கிறது அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கோட எஃப்404-ஐஎன்20 எஞ்சின். ஆஃப்டர்பர்னர் (பின்பக்கம் கூடுதலா எரிபொருளை எரிக்கிற அமைப்பு) போட்டா உந்துவிசை சுமார் 84 கிலோநியூட்டன். நம்ம காவேரி எஞ்சின் எடை கூடிப்போய், உந்துவிசையும் குறைஞ்சதால 2008-ல் தேஜஸ்லேருந்து கழட்டிட்டாங்க.

பெருமைப்பட வேற இடம் இருக்கு. தேஜஸ் தானா நிலையா பறக்கிற வடிவமே இல்ல. நாலு தடக் கணினி நொடிக்கு நொடி திருத்தித்தான் அதை நேரா வச்சிருக்கு. 1998 பொக்ரான் அணுகுண்டு சோதனைக்கு அப்புறம் அமெரிக்கா உதவியை நிறுத்துச்சு. அந்தக் கட்டுப்பாட்டு மென்பொருளை நம்மாளுங்களே முடிச்சு, 2001 ஜனவரி 4-ல் பறக்க விட்டாங்க. தலைப்புல வரவேண்டியது இதுதான்.

அழகர்மலை:
இன்னொண்ணும் சேர்த்துக்கங்க அண்ணே. ஸ்வீடனோட கிரிபென் போர் விமானத்துலயும் எஃப்404-லேருந்து வந்த வால்வோ ஆர்எம்12 தான் இருந்துச்சு. அதை யாரும் அமெரிக்க விமானம்னு சொல்லல. எஞ்சின் வெளியூர்னா இழுக்கு இல்ல, மறைச்சாத்தான் இழுக்கு.

மாருத் படத்துக்கும் இது பொருந்தும். வடிவமைச்சவர் ஜெர்மானியர் கர்ட் டாங்க். முதல் பறப்பு 1961 ஜூன் 17. 8,000 பவுண்டுக்கு மேல் உந்தும் பிரிட்டிஷ் எஞ்சின் ஆர்ஃபியஸ் 12-ஐ நம்பி, மாக் 2-க்கு, அதாவது ஒலியைப்போல ரெண்டு மடங்கு வேகத்துக்குக் குறிவச்ச உடம்பு. பிரிட்டன் கைவிரிச்சதும் 4,850 பவுண்டு ஆர்ஃபியஸ் 703 ரெண்டைப் போட்டாங்க. ஒலி வேகத்தைத் தாண்டவே திணறுச்சு. ‘வெள்ளைக்காரன் கவுத்துட்டான்’னு பாதியைத்தான் சொல்வாங்க. அந்த எஞ்சினை முடிக்கிற செலவை ஏத்துக்க டெல்லியும் ஒத்துக்கல. ஆனாலும் 1971-ல் தரைத்தாக்குதலுக்கு நல்லாவே உழைச்சது. மொத்தம் 147 கட்டினாங்க.

வைகைக்கரை:
நாட் படத்துக்குக் கீழே ‘சேபர் கொல்லி’ன்னு மட்டும் போட்டா எடுபடாது. சேபர்ங்கிறது பாகிஸ்தான் ஓட்டின அமெரிக்கப் போர் விமானம். பிரிட்டனின் ஃபோலண்ட் வடிவமைப்பு, நம்ம அரசு விமான நிறுவனம் எச்ஏஎல் உரிமம் வாங்கிக் கட்டினது. 1965 செப்டம்பர் 3-ஐ நாம நாட் முதல் சேபரை வீழ்த்தின நாளாச் சொல்றோம். பாகிஸ்தான் அதை ஏத்துக்கல. அதே நாள் பாகிஸ்தானின் பஸ்ரூர்ல இறங்கிப் பிடிபட்ட நாட், கராச்சி விமானப்படை அருங்காட்சியகத்துல நிக்குது. வழி தவறி இறங்குச்சும்போம் நாம. தங்களோட ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் மிரட்டி இறக்குச்சும்பாங்க அவங்க. ‘இந்தியத் தரப்பின்படி’ன்னு ஒரு சொல் சேருங்க.

திருநகர்:
நன்றி. இப்படிப் போடுறேன்: ‘வடிவமைப்பு, பறப்புக் கட்டுப்பாடு: இந்தியா. எஞ்சின்: ஜெனரல் எலெக்ட்ரிக், அமெரிக்கா. விமானி இருக்கை: மார்ட்டின்-பேக்கர், பிரிட்டன்.’

கூடல்நகர்:
சரிதான். எஞ்சின் வரியை மட்டும் அடியில பொடி எழுத்துல தள்ளிடாதீங்க. நாலடி ஃபிளெக்ஸ்னா எல்லா வரிக்கும் ஒரு அங்குல எழுத்து தாராளமா வைக்கலாம்.