சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்: பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்

கேள்வி (ஆவடிவாசி):
தினமும் ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் வேலைக்கு வருகிறேன். கடைசி ஸ்டேஷனுக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்று பெயர். இறங்கிப் பார்த்தால் மார்க்கெட் எதுவும் இல்லை, பிளாட்பாரமும் டிக்கெட் கவுன்ட்டரும்தான். வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு சின்ன மாதிரிக் கட்டடம் இருக்கிறது, அவ்வளவுதான். தாத்தாவிடம் கேட்டால், "எரிஞ்சு போச்சுப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். அங்கே என்னதான் இருந்தது? எரிந்ததா, இடித்தார்களா?

பதில் (சூளை டீச்சர்):
தம்பி, இரண்டும்தான். 1985 மே 30 அன்று எரிந்தது. மிஞ்சின சுவர்களை அப்புறம் இடித்து அகற்றிவிட்டு, அந்த இடத்தில்தான் நீங்கள் இறங்கும் ஸ்டேஷனையும் முன்பதிவுக் கட்டடத்தையும் கட்டினார்கள்.

கதை பிராட்வேயில் தொடங்குகிறது. அங்கே தெருவை அடைத்துக் கடை போட்டவர்களுக்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்று மாநகராட்சி நினைத்தது. அப்போதைய தலைவர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டினார், 1900-இல் திறந்தார்கள். செக்கச் செவேலென்ற செங்கல் கட்டடம், வளைவு வளைவாக வாசல், நடுவில் முற்றம், சுற்றிலும் கடைகள். பின்பக்கம் மிருகக்காட்சி சாலை. அதுவும் அதே 1985-இல் வண்டலூருக்குப் போய்விட்டது.

கிராமபோன் தட்டு, பித்தளைக் குத்துவிளக்கு, லவ் பேர்ட்ஸ், பழைய கடிகாரம் என்று என்ன கேட்டாலும் கிடைக்கும். விலை மட்டும் சொன்னபடி கொடுக்கக் கூடாது. நூறு என்றால் இருபத்தைந்தில் ஆரம்பி என்பார் அப்பா.

எனக்கு மூர் மார்க்கெட் என்றால் புத்தகக் கடைதான். அப்பா மில் தொழிலாளி. ஜூன் பிறந்தால் சூளையிலிருந்து என்னையும் தம்பியையும் நடத்தியே கூட்டிப் போவார். எங்கள் கடை பாய், "எத்தனாவதும்மா?" என்று கேட்பார். பதில் சொல்வதற்குள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி அடுக்கிலிருந்து உருவிவிடுவார். முதுகு கிழிந்த புத்தகத்துக்கு மைதா பசை தடவி, மேலே செங்கல்லை வைத்து, "ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, காஞ்சிடும்" என்பார். பாதி விலை. அடுத்த வருடம் கிழிக்காமல் கொண்டுவந்தால் அதிலும் பாதி திரும்பக் கிடைக்கும்.

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் உள்ளட்டையில் யாரோ ஒரு பெண் ஊதா மையில் பெயரெழுதி, '8 ஆ பிரிவு' என்று போட்டிருந்தாள். கஷ்டமான கணக்குக்கெல்லாம் ஓரத்தில் பென்சிலால் வழி எழுதி வைத்திருந்தாள். அந்த அக்காவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் வட்டியும் அசலும் எனக்குப் புரிந்தது அவள் கையெழுத்தில்தான்.

எரிந்த தேதியைக் கவனியுங்கள். மே கடைசி. பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம். மாதம் முழுக்க வாங்கிச் சேர்த்த சரக்கு கடை கொள்ளாமல் கிடந்த வாரம். மறுநாள் அப்பாவும் நானும் போனோம். தண்ணீர் கரியோடு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டுக் கட்டாகக் கட்டிய புத்தகம் லேசில் எரியாது, நாலு ஓரமும் கருகி நடுவில் வெள்ளையாக நிற்கும். அப்படி ஒரு கட்டை மடியில் வைத்துக்கொண்டு பாய் எதிர்ப்பக்க நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். அப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

ரயில்வே விரிவாக்கத்துக்கு அந்த இடம் வேண்டும் என்ற பேச்சு தீக்கு முன்பே இருந்தது. சென்ட்ரலுக்கு இடம் தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் விக்டோரியா ஹாலும் ரிப்பன் மாளிகையும் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், இந்தச் சுவரையும் நிறுத்தியிருக்கலாமே என்று வயிறு எரிகிறது.

பதில் (அல்லிக்குளம் கடை):
டீச்சர் சொன்னதெல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கட்டடம்தான் போனது, கடைகள் போகவில்லை. எங்களுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். என் மாமனார் அங்கேதான் மறுபடி புத்தகம் அடுக்கினார். ஆனால் பழைய இடத்தில் சென்ட்ரலில் இறங்கியவன் எவனும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகணும், சும்மா எட்டிப் பார்த்தவன்கூட ஒரு புத்தகத்தோடு போவான். இங்கே தேடி வருகிறவர்கள் மட்டும்தான் வருகிறார்கள். அதனால்தான் வியாபாரம் படுத்தது. ஆவடித் தம்பி, நேரு ஸ்டேடியம் பக்கம் வந்து யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

ஆவடிவாசி:
டீச்சர், உங்கள் பதிலைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். மைதா பசை வந்த இடத்தில், "செங்கல்லு இல்லடா, இஸ்திரிப் பெட்டி" என்றார். அவர் போன கடை வேறாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அல்லிக்குளம் வருகிறோம்.