வீட்டிலிருந்தே வேலை, ஆனால் நாள் கையில் நிற்கவில்லை. நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள்?

திருவையாறு கணக்கு (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். திருவையாற்றில் வீட்டிலேயே உட்கார்ந்து சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். பாத்திரக்கடை, ஹார்டுவேர், உரக்கடை, மளிகை, நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு விற்கும் ஒருவர், இப்படி. பாதிப் பேர் பில்லை மஞ்சப்பையில் போட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். மீதிப் பேர் வாட்ஸப்பில் மங்கலான போட்டோ அனுப்புவார்கள்.

மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20க்குள் 3பி (அந்த மாத வரிக்கணக்கு). இந்த இரண்டு தேதிகளுக்கும் முந்தின ராத்திரிதான் நான் நிஜமாகவே வேலை பார்க்கும் ராத்திரி. மற்ற நாளெல்லாம் ஓடிக்கொண்டே இருப்பேன், சாயந்தரம் பார்த்தால் ஒரு பையும் காலியாகியிருக்காது. ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய் லேட் ஃபீ, ஒன்றும் இல்லாத ரிட்டர்ன் என்றால் 20. காசு பெரிதில்லை. கடைக்காரர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயத்தில் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை.

செய்து பார்த்தவை: காலை 5 மணிக்கு எழுவது. எழுந்தால் வாசல் தெளிக்க, கோலம் போட, பால் காய்ச்ச, பிள்ளைக்கு டிபன் கட்டத்தான் அந்த நேரம் போகிறது. கலர் பேனாவில் டைம்டேபிள். அது சுவரில் அழகாக இருக்கிறது. தினமும் மூன்று நல்ல விஷயம் எழுதும் நன்றி நோட்டு. "பிள்ளை, காபி, காவிரியில் தண்ணீர்" என்று எழுதினேன். மறுநாளும் அதேதான். கோடையில் மூன்றாவதையும் அடிக்க வேண்டியதாயிற்று.

யூடியூபில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சொல்பவர்கள் சொல்வது வேண்டாம். உங்கள் வீட்டில் உண்மையில் நடக்கிற பழக்கம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

தஞ்சாவூர் தம்பி:

அக்கா, டைமர் வையுங்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் படிக்கிற காலத்தில் தக்காளி வடிவ அடுப்படி டைமரை வைத்து ஆரம்பித்த முறை. எனக்கு நன்றாக வேலை செய்கிறது. முக்கியம்: டைமருக்குப் போனை எடுக்காதீர்கள். போனை எடுத்தால் 25 நிமிடம் ரீல்ஸில்தான் போகும்.

வலங்கைமான் பன்னிரண்டு மா:

தங்கச்சி, எனக்கு நாலு ஏக்கர் நிலம். தம்பி சொன்ன டைமர் உட்கார்ந்த பிறகு உதவும். உங்கள் சிக்கல் உட்காருவதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 5 மணி, டைம்டேபிள் எல்லாமே கடிகாரத்தை நம்பிப் போட்டவை. உங்கள் வீட்டில் கடிகாரம் சொல்வதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

எங்கள் தொழிலில் தேதியை நம்பினால் ஆகாது. மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறப்பது வழக்கம் என்று பேர். 2022ல் மே 24லேயே திறந்துவிட்டார்கள். 2024ல் ஜூலை 28 வரை இழுத்தது. காலண்டரில் 12ஐ வட்டம் போட்டு வைத்துக்கொண்டு விதைநெல்லை ஊறப்போட்டால் என்ன கதி? தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டது என்று சேதி வரட்டும் என்றுதான் ஆற்றுப் பாசனக்காரன் காத்திருப்பான். (போர்வெல் போட்டவர்கள் பாடு வேறு, அவர்களை நான் சேர்க்கவில்லை.)

சாகுபடிச் செலவுக் கணக்கை நான் எழுதுவதும் இதே மாதிரிதான். ராத்திரி 8 மணிக்கு என்று வைத்தால் நடக்காது. அப்போது சாப்பாடு, செய்தி, யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். அதனால் மோட்டார் கொட்டகையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மோட்டாரை நிறுத்தினால் நோட்டை எடுக்கணும், அவ்வளவுதான் சட்டம். மும்முனை கரண்ட் ஒரு நாள் பகலில் வரும், ஒரு நாள் ராத்திரி வரும். எப்போது வந்தாலும் நிறுத்துகிறவன் நான்தானே. நடவுக் கூலி, டிராக்டர் வாடகை, டிஏபி உர மூட்டை எல்லாம் அங்கேயே ஏறிவிடும். இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. எழுதினால் அடுத்த நாள் சோம்பல் வரும்.

மகன் மனோதத்துவம் படிக்கிறான். இதையெல்லாம் ஆராய்ச்சியே பண்ணியிருக்கிறார்கள் அப்பா என்று காட்டினான். "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள், வெறுமனே "செய்யணும்" என்று இருந்தவர்களைவிட அதிகம் செய்து முடித்தார்களாம். பீட்டர் கோல்விட்சர் என்பவர் 1999ல் எழுதியிருக்கிறார். லண்டனில் பிலிப்பா லாலி குழுவின் ஆய்வில் 96 பேர். ஒரு பழக்கம் யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர நடுவாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18லிருந்து 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெடவில்லையாம். 21 நாளில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள்.

உங்களுக்கு என்ன முடிச்சு? பை திண்ணைக்கு வருகிறதே, அதுவே ஒன்று. பை வந்தால், அதைக் கீழே வைப்பதற்குள் விற்பனை பில் ஒரு கிளிப், கொள்முதல் பில் ஒரு கிளிப். பதிவு பண்ண வேண்டாம், பிரிப்பது மட்டும். இன்னொன்று, பிள்ளை ஸ்கூல் வேனில் ஏறியதும் வாசலிலிருந்து நேராக மேசைக்கு. அடுப்படிப் பக்கம் திரும்பினால் முடிந்தது கதை. அந்த நேரத்தில் ஒரே ஒரு கடையின் பில். ராத்திரிக்கு ஒதுக்குகிற வேலை கடைமடை வயல் மாதிரி, மேலே எல்லாரும் பாய்ச்சிய மிச்சம்தான் அங்கே வந்து சேரும்.

சந்தோஷத்துக்கு நான் எதுவும் எழுதுவதில்லை. சாயந்தரம் வரப்பில் ஒரு சுற்று நடப்பேன், கையில் மண்வெட்டி இல்லாமல். இருந்தால் மடை திருத்தத் தோன்றும், அப்புறம் அதுவும் வேலையாகிவிடும்.

மாயவரம் ப்ளவுஸ்:

அண்ணா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, அண்ணா மோட்டாரை நிறுத்தும் நேரத்தில் யாரும் வந்து "அப்படியே இந்தத் தேங்காயைத் துருவிக் கொடு" என்று கேட்பதில்லை!

வீட்டிலிருந்து சம்பாதிக்கிற பெண்ணை வீட்டில் சும்மா இருப்பவள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அக்கா, உங்களுக்குப் பழக்கம் இல்லை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வாசல், கோலம், பால், டிபன் எல்லாம் ஒரு நாளும் தவறுவதில்லையே? அதெல்லாம் பழக்கம் இல்லாமல் என்ன? அந்த வரிசையில் எது ஒன்றை வீட்டில் வேறு யார் எடுத்துக்கொள்ள முடியும் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் பால் வாங்கிக் காய்ச்சுவது வீட்டுக்காரர் பொறுப்பு. பொங்கி வழிந்தாலும் அவர்தான் துடைக்கணும். முதலில் வழிந்தது, இப்போது வழிவதில்லை.

வெளியாட்களுக்கும் ஒரு வரையறை வேண்டும். அளவு ப்ளவுஸ் வாங்குவது காலை 10லிருந்து 12 வரை மட்டும் என்று கதவில் ஒட்டியிருக்கிறேன். "என்னம்மா, பெரிய ஆபீஸா?" என்றார்கள். ஆமாம், ஆபீஸ்தான். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் துணி வாங்குவதையே நிறுத்திவிடுவேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் அடுத்த வருஷம் சீக்கிரமே வந்தார்கள். நீங்களும் பில் கொடுக்க 5ஆம் தேதி கடைசி என்று சொல்லுங்கள். பிந்தி வருகிற பை வரிசையில் கடைசி.

குறுவை சம்பா:

மேலே "மகன் காட்டினான்" என்று வந்ததே, அந்த மகன் நான். அப்பா கணக்கில் ஒரு திருத்தம். லாலி ஆய்வு நடந்தது 84 நாள்தான். 254 என்பது வந்த தரவை வைத்து நீட்டிக் கணக்கிட்ட எண். யாரும் 254 நாள் உட்கார்ந்து எண்ணவில்லை. அதோடு அவர்கள் பார்த்தது பெரும்பாலும் ஒரு பழம் சாப்பிடுவது, கொஞ்சம் நடப்பது மாதிரிப் பழக்கங்கள், கொள்முதல் பில் பதிவது இல்லை.

நன்றி நோட்டு சலித்ததில் வியப்பில்லை அக்கா. சோன்யா லியூபோமிர்ஸ்கி குழுவின் ஆய்வில் வாரத்துக்கு ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான் மனநிலை கூடியது, மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதிப் பாருங்கள், "பிள்ளை" என்று மொட்டையாக எழுதாமல் அந்த வாரம் பிள்ளை என்ன செய்தான் என்று எழுதுங்கள்.

தூக்கத்துக்கு: 2018ல் அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துப் பார்த்தார்கள். படுக்குமுன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலையை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னால் தூங்கினார்கள். பட்டியல் விவரமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். "கணக்கு பாக்கி" என்று எழுதினால் போதாது, "உரக்கடை, கொள்முதல் பில், கடைசிப் பத்து" என்று எழுதுங்கள்.

திருவையாறு கணக்கு:

ஆளாளுக்கு இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. பையைப் பிரித்து வைப்பது எனக்கு நிஜமாகவே சரிப்படும். கொள்முதல் பில் தனியாக இருந்தால், 14ஆம் தேதி 2பி (நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) வந்தவுடன் எடுத்து ஒப்பிட்டுவிடலாம். இப்போது 19ஆம் தேதிதான் தேடவே ஆரம்பிக்கிறேன். பால் பொறுப்பைப் பற்றி வீட்டில் பேசிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை.

அண்ணா, ஒரு சந்தேகம். ஸ்கூல் லீவு விட்டால் வேன் வராதே, அப்போது என்ன செய்வது?

வலங்கைமான் பன்னிரண்டு மா:

சரியான கேள்வி. எனக்கும் அந்தத் தொல்லை உண்டு. சம்பா அறுவடைக்கு முன்னால் உளுந்து தெளித்துவிட்டால், அது மண்ணில் இருக்கிற ஈரத்திலேயே வந்துவிடும். மோட்டார் ஓடாது, நோட்டும் ஆணியில் சும்மா தொங்கும். அந்த மாதங்களில் நோட்டைச் சைக்கிள் பைக்கு மாற்றிவிடுவேன். டீக்கடையில் இறங்கினால் எழுதணும்.

லீவில் பிள்ளை எழுந்ததும் முதலில் என்ன கேட்பான்? பூஸ்ட் என்றால், டம்ளரை அவன் கையில் கொடுத்ததும் நீங்கள் மேசைக்கு. இதை இப்போதே எழுதி வையுங்கள். மே மாதம் பிறந்தபிறகு யோசிக்க உட்கார்ந்தால் அதற்குள் 11ஆம் தேதி வந்துவிடும்.