ஷார்ட் ஆன பிறகு பேட்டரி சார்ஜ் ஆகவில்லையா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சயான் கோலிவாடாவிலிருந்து:

இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைக் கழற்ற விடுவதற்கு முன், அதன் பின்னால் வரும் மெல்லிய ஒயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மும்பை மழையில் கார் ஓட்டும் எல்லோரிடமும் இதைச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் ரயில் பாலத்தைத் தாண்டும்போது பானெட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. காரை முன்பு வைத்திருந்தவர் மாட்டிய பனி விளக்கின் ஒயர் ஃபியூஸ் இல்லாமல் நேரே பேட்டரியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அது உரசி உரசித் தோல் தேய்ந்து பாடியைத் தொட்டுவிட்டது. அந்த ஒயரைத் துண்டித்ததும் புகை நின்றது. வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் ஸ்டார்ட்டர் சுற்ற மறுத்தது.

பக்கத்துப் பணிமனையில், ஆல்டர்னேட்டர் போய்விட்டது, குர்லா சி.எஸ்.டி. சாலையில் பழையது வாங்கி மாட்டலாம் என்றார்கள். பெட்ரோல் முள்ளும் எழவில்லையே என்று கேட்டேன். அது வேறு கோளாறாம், பிறகு பார்க்கலாமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. தாராவி 90 அடி சாலைப் பக்கம் வண்டி ஒயரிங் வேலை மட்டுமே பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன்.

அண்ணாச்சி முதலில் பேட்டரியைத் தனியே சார்ஜரில் போட்டார். காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு எதையும் சோதிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. நிறைந்த பிறகு 12.6 வோல்ட் காட்டியது. அடுத்து சாவியைத் திருப்பினார், ஸ்டார்ட் செய்யவில்லை. “மீட்டரைப் பாருங்கள் தம்பி, சிவப்புப் பேட்டரி விளக்கு எரிகிறதா?” எரியவில்லை. இன்ஜின் ஓடும்போது அது எரியக் கூடாது. சாவி போட்டதும் எரிந்தே ஆக வேண்டும். என்னுடையதைப் போன்ற பழைய வண்டிகளில் அந்த விளக்கின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டருக்கு முதல் மின்சாரம் போகிறது. அது போகாவிட்டால் போதிய காந்தப்புலம் எழாது, பெல்ட் சுற்றினாலும் பெரும்பாலும் சார்ஜ் ஏறாது.

இன்ஜினை ஓடவிட்டுப் பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தால் 12.2 வோல்ட், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் கொண்டுபோகும் தடித்த ஒயரின் முனையிலும் அதே 12.2. தடித்த ஒயருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆல்டர்னேட்டர்தான் வேலை செய்யவில்லை. இன்ஜினை நிறுத்தி, மெல்லிய ஒயர்களின் பிளக்கைக் கழற்றி, சாவியைப் போட்டு டெஸ்ட் லாம்ப் வைத்தார். இருட்டு. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கருகியிருந்தது. மீட்டருக்கும், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கும் அந்த ஒரே ஃபியூஸ்தான். பெட்ரோல் முள் படுத்துக் கிடந்ததன் காரணமும் அதுவே.

புது ஃபியூஸை அவர் உடனே போட்டுவிடவில்லை. இதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஹெட்லைட்டுக்குப் பின்னால் டேப்பைப் பிரித்தார். பனி விளக்கு ஒயரின் சூட்டில் பக்கத்து ஒயர்கள் உருகி ஒட்டியிருந்தன. ஒன்றில் செம்பு இழைகள் துருத்திக்கொண்டு, மழை ஈரத்தில் பச்சை பூத்திருந்தன. கெட்ட பகுதியை வெட்டி, அதே தடிமனில் ஒயர் வைத்துப் பற்றவைத்து, உறை போட்ட பிறகே அதே 10 ஆம்பியரில் ஃபியூஸ் மாட்டினார். விளக்கு எரிந்தது, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது. பேட்டரியில் 14.2 வோல்ட். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டும் 13.9க்குக் கீழே இறங்கவில்லை. கழற்றவே தேவையில்லாத பொருளுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டார்களே என்று நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

செம்பூரிலிருந்து:

எங்களுக்கு நடந்தது வேறு. வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்க வந்தவர் பிளஸ், மைனஸை மாற்றி மாட்டிவிட்டார், பெரிய தீப்பொறி. பிறகு இன்ஜின் நிற்கும்போது பார்த்தால் பேட்டரியில் 12.5 வோல்ட், ஆல்டர்னேட்டரின் தடித்த முனையில் பூஜ்யம். நடுவில் போல்ட் போட்டு இறுக்கிய 80 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் போயிருந்தது. ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடுகள் தப்பியது எங்கள் நல்ல காலம். அந்த ஃபியூஸைத் தொடுவதற்கு முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். ஸ்பேனர் பாடியில் பட்டால் இன்னொரு ஷார்ட்.

தாணேயிலிருந்து:

ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று அறிய, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் இன்னும் பல மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். வோல்ட் திடீரென்று எகிறி, ரெகுலேட்டரும் இன்ஜின் கம்ப்யூட்டரும் சேர்ந்து போய்விடக்கூடும். இன்னொன்று: புதிய கார்கள் பலவற்றில் சார்ஜ் எவ்வளவு வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் சற்று நேரம் 12.8 வோல்ட் காட்டக்கூடும். ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்துப் பார்த்த பிறகே கோளாறு என்று சொல்லுங்கள்.