பீட் மண்ணுக்கு 'ஊறுமண்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் குழுவின் ஈரநிலச் சொற்பட்டியலில் மார்ஷ் (marsh), சுவாம்ப் (swamp), பீட் (peat, செத்த செடிகொடி முழுதும் மட்காமல் சேர்ந்த மண்) நிலம் மூன்றுக்கும் 'சதுப்பு நிலம்' என்றே போட்டிருக்கிறோம். முதல் இரண்டைப் பிரிப்பது எளிது. கோரையும் சம்பும் மண்டிய மார்ஷுக்குக் 'கழுவெளி' இருக்கிறது. மரக்காணம் பக்கம் அது ஊரறிந்த பெயர். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த சென்னைப் பள்ளிக்கரணையும் முன்பு கழுவெளிதான். மரங்கள் நிற்கும் சுவாம்புக்குச் 'சதுப்புக்காடு' போதும். கேரளத்தின் குளத்துப்புழைப் பக்கம் காட்டு ஜாதிக்காய் மரங்கள் மடக்கிய முழங்கால்போல வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கின்றன. அது காடேதான்.

பீட்தான் இடிக்கிறது. 'முற்றா நிலக்கரி' என்றே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தோண்டி எரிக்கிறவர் பார்வையில் பிறந்த சொல் அது. அந்த மண்ணில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்வதே இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஊட்டிக்கு மேற்கே, இரண்டு புல்மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இறங்கினேன். கால் வைத்த இடம் மெத்தைபோல அமுங்கி மெல்ல எழும்பியது. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டியது. கையில் மிஞ்சிய கறுப்பு மண்ணில் புல்லின் நாரும் வேரும் அப்படியே தெரிந்தன. மட்கவே இல்லை. பக்கத்தில் விரல் நக அளவுக்கு அழுகண்ணிச் செடி, இலை மயிரெல்லாம் பசைத்துளி. நீலகிரிப் பழங்குடிகளான தோதவர்கள் கோயில் கூரை வேய்கிற புல்லும் இப்படிப்பட்ட ஈரத்தில்தான் வளர்கிறது.

தண்ணீர் மூடிக் கிடப்பதால் காற்று உள்ளே போகாது, மலைக் குளிரும் சேர்ந்துகொள்கிறது. செத்த புல் அழுகி முடிக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்துவிடுகிறது. சூழலியலாளர் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் நீலகிரியின் பீட் அடுக்குகளிலிருந்துதான் 20,000 ஆண்டுக் காலநிலையைப் படித்தார்கள். அந்த மண்ணில் இருந்த கார்பனை வைத்தே எந்தக் காலத்தில் எந்த வகைப் புல் ஓங்கியிருந்தது என்று சொல்ல முடிந்தது. உலக நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 விழுக்காடுதான். ஆனால் மண்ணில் உள்ள கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதில் இருக்கிறது.

காற்றுப் படாமல் நீரில் ஊறிக் கெடாமல் இருப்பதற்கு நம் வீட்டிலேயே சொல் இருக்கிறதே, ஊறுகாய். அதனால் பீட்டுக்கு 'ஊறுமண்', பீட் நிலத்துக்கு 'ஊறுநிலம்' என்று முன்மொழிகிறேன்.

பீட்டுக்குக் குழுவில் பேராசிரியர் ஐயா சொன்ன 'அள்ளல்' அருமையான பழஞ்சொல். ஆனால் அது கால் புதையும் சேறு, வயலுக்கும் வரும். மட்காமை அதில் இல்லை. 'ஊறுமண்' பற்றிக் குழுவில் அக்கா ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே? 'ஊறல்மண்' என்று வைத்தால் என்ன?

அக்கா, ஊறுகாயைக் கேட்டு யாரும் தீங்கை நினைப்பதில்லை. 'ஊறல்' வேண்டாம், செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குச் சாராய ஊறல்தான் முதலில் நினைவுக்கு வரும். அப்புறம், 'ஊறு' என்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கிணறு ஊறுகிறது என்கிறோம் இல்லையா? இந்தப் பள்ளங்கள் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, உறைபனி விழும் மாதங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகின்றன. கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில்) நட்ட சரிவுகளில் கீழே உள்ள பள்ளம் காய்கிறது. காய்ந்தால் காற்றுப் புகும். இத்தனை காலம் கெடாமல் இருந்தது அப்போதுதான் மட்கத் தொடங்கும். தண்ணீரும் போய்விடும், சேர்ந்த கார்பனும் போய்விடும். கெடாமல் இருப்பது, நீர் சுரப்பது இரண்டும் 'ஊறு' என்ற ஒரே வினைச்சொல்லில் அடங்குவதால்தான் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை ஏற்றால் பீட் நிலத்தின் உட்பிரிவுகளும் எளிதாகும். மழை நீரை மட்டும் நம்பியிருக்கும் பாக் (bog) 'மழையூறு நிலம்'. நிலத்தடி நீர் கசிந்து வரும் ஃபென் (fen) 'கீழூறு நிலம்'. 'கீழூறு' வாயில் கொஞ்சம் தடுக்குகிறது என்பது எனக்கே தெரிகிறது. அதற்கு மேலான சொல் யாரிடமாவது இருந்தால் பட்டியலை மூடுவதற்குள் எழுதுங்கள்.